சத்திரமும் சாப்பாட்டுக் கடையும்



புதுக்கோட்டைச் சீமையின் வரலாற்றைப் பற்றிப் பேசுக என்று என்னைக் கேட்டவர்கள் சித்தன்னவாசல் ஓவியத்தையோ, குடுமியான்மலை இசைக் கல்வெட்டையோ, திருமயம் கோட்டையையோ எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றைப் பற்றி அறிஞர் பலர் பேசியுள்ளனர். நல்ல நூல்களும் உள்ளன. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சாப்பாட்டுக் கடை. சொந்த ஊரிலும் வெளியூரிலும் நான் உண்ட இரண்டு மூன்று உணவுகளைச் சொல்லி, அவற்றின் பின்னே நிற்கும் வரலாற்றையும் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் முடிவில் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தானே என்று நீங்கள் நகைத்தாலும் நகைக்கலாம். ஆனால், ஓர் ஊரில் யார் யாரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கல்வெட்டுச் சொல்லாத செய்திகள் பல அந்தக் கேள்வியினால் வெளிப்படும்.

பழங்கால வழிப்போக்கனிடமிருந்து தொடங்குவோம். சிறுபாணாற்றுப்படையை நாம் இலக்கியமாகப் படிக்கிறோம். பயணிக்கு எழுதிக் கொடுத்த உணவுக் குறிப்பாகவும் அதனைப் படிக்கலாம். நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும். வேலூரில் எயினர் மகளிர் ஆக்கிய புளி பெய்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை கிடைக்கும் என்று புலவர் வழி சொல்லிக்கொண்டே போகிறார். இவற்றுள் எதற்கும் விலை இல்லை. எல்லாம் விருந்து. நகரங்களில் உணவு விற்பனையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் உண்டு. ஆனால் சிற்றுண்டியை விற்பது வேறு, சோற்றை விற்பது வேறு என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. சோறு விற்பதை அன்னவிக்கிரயம் என்று சொல்லிப் பழித்தார்கள்.

அதே சிலப்பதிகாரத்தில் நம் மாவட்டத்து ஊர் ஒன்று வருகிறது. கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மறையவன், கொடும்பை நகரத்து ஏரிக்கரையைக் கடந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்கிறான். அதுவே இன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலைக்கு அருகில் இருக்கும் கொடும்பாளூர். பிற்காலத்தில் இருக்குவேளிர் அங்கே ஆண்டனர். மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரும் அங்கே இருந்தனர். மூன்று வழி கூடும் இடத்தில் வணிகர் கூடுவர். வணிகர் கூடும் இடத்தில் அடுப்பும் புகையும். மூவர்கோயிலைக் காணச் செல்லும் மாணவர்கள் அந்தக் கல் விமானங்களுக்கு முன் நின்று, இங்கே வந்த வணிகன் எங்கே உண்டான் என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து வருவது சத்திரம். வடக்கிலிருந்து இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் தஞ்சைச் சீமையையும் அதன் தெற்கே உள்ள இந்தப் பகுதிகளையும் கடந்தே சென்றனர். அவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர் பல சத்திரங்களைக் கட்டினர். நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-இல் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. கும்பெனியாரின் கை ஓங்கி மன்னரின் அதிகாரம் சுருங்கிய காலம் அது. தம் முன்னோர் நடத்திய சத்திரங்களையேனும் தம்மிடம் விட்டுவைக்க வேண்டும் என்று சரபோஜி 1801-இல் கும்பெனியின் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை அக்கடிதம் விளக்குகிறது. அந்தணர் முதல் பறையர் ஈறாக வரும் வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவருக்கு அரிசியும் கறிச்சாமான்களும் உலுப்பையாக அளக்கப்படும். நள்ளிரவு வரை இது நடக்கும். பின்னர் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ என்று கூவி அழைப்பார்கள். நோயுற்றவருக்கு மருத்துவம் உண்டு; கருவுற்ற பெண்களுக்குக் கவனிப்பு உண்டு.

நள்ளிரவில் மணியடித்துப் பசித்தவனைத் தேடிய ஓர் அரசு நம் பக்கத்தில் இருந்தது என்பதில் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்த உலுப்பை என்ற சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள். சமைத்த சோற்றை ஏன் சிலர் மறுத்தார்கள்? அரிசிக்குத் தீட்டு இல்லை. அது வெந்து சோறானவுடன் யார் கை பட்டது, யார் பக்கத்தில் அமர்ந்து உண்பது என்ற கேள்விகள் எழுந்துவிடும். எல்லோருக்கும் ஈவது எளிது. எல்லோரையும் ஒன்றாக அமர்த்துவது அரிது. சத்திரங்கள் முதலாவதைச் செய்தன.

தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டையிலும் இதே நிலைதான். நவராத்திரி நாள்களில் அரண்மனையார் மக்களுக்கு அரிசியும் அம்மன் காசும் வழங்குவது வழக்கம். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய என்ற சொல்லும் பொறித்த சிறு செப்புக் காசு அது. என் பாட்டியின் சுருக்குப் பையில் அத்தகைய காசுகள் சில இருந்தன; நாங்கள் அவற்றை வைத்து விளையாடியதுண்டு. அங்கேயும் மக்களுக்கு அளந்தது அரிசி என்பதைக் கவனியுங்கள்.

இம்மாவட்டத்தின் கோயில் ஒன்றில் சோற்றைப் பற்றிய வேறொரு எண்ணம் உருப்பெற்றிருக்கிறது. மாணிக்கவாசகரோடு தொடர்புடைய ஆவுடையார்கோயிலில் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. பீடம் மட்டுமே உண்டு. அங்கே புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடப் படைகல்லின்மேல் கொட்டிப் பரப்புவார்கள். கீரையும் பாகற்காயும் உடன் இருக்கும். அதிலிருந்து எழும் ஆவியே இறைவனுக்கு நிவேதனம். இந்த ஆவியைப் பற்றிப் பின்னர் ஒருமுறை நினைக்க நேரும்.

சோற்றையே பொதுவாக்கத் துணிந்தவர் ஒருவரைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் தருமச் சாலையைத் தொடங்கினார். சாதி சமய வேறுபாடு பாராமல் பசித்தவர் எவருக்கும் அங்கே சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

நிற்க. சோறு விற்கும் கடை நம்மிடையே எப்போது வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீதிமன்றமும், கல்லூரியும், இரயில் நிலையமும் வந்த ஊர்களில் அதுவும் உடன் வந்தது. புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரி 1880-இல் உண்டாயிற்று. சிற்றூர்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் எங்கே உண்பது? பிராமணப் பிள்ளைகளில் ஏழைகள் நாளுக்கொரு வீட்டில் வாரச் சாப்பாடு உண்டனர். மற்றவர் உறவினர் வீட்டுத் திண்ணைகளில் ஒண்டினர். வசதி உள்ளவர் தாமே பொங்கித் தின்றனர். வழக்குக்கு வந்தவரும் சந்தைக்கு வந்தவரும் கட்டுச்சோற்று மூட்டையோடு வந்தனர். 1929-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு இரயில் வந்தது. கட்டுச்சோறு இல்லாமல் வந்து இறங்கும் கூட்டம் பெருகியது.

அக்கூட்டத்துக்காகத் தமிழ்நாடெங்கும் தோன்றியவை காப்பி கிளப்புகள். இவற்றுள் பலவற்றின் பலகையில் கடையின் பெயருக்கு முன்னால் பிராமணாள் என்ற சொல் இருக்கும். சமைப்பவர் யார் என்று அறிவிப்பதே அதன் நோக்கம் என்று சொன்னவர்கள் உண்டு. உண்பவர் யார் என்பதும் அதில் அடங்கியிருந்தது. சில இடங்களில் பிராமணர் உண்ணத் தனி அறை. மற்றவர் உண்ண வேறோர் இடம். ஆதி திராவிடருக்கு இடமே இல்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள், நிலையத்தில் இறங்கியவுடன் இருவேறு கதவுகளுக்குள் நுழைந்து ஒரே அண்டாவின் சாம்பாரை உண்டார்கள்! பெரியார் ஈ.வெ.ராவும் சுயமரியாதை இயக்கத்தாரும் பல்லாண்டு எதிர்த்து வந்த இம்முறை தென்னிந்திய இரயில்வேயில் 1941-இல் ஒழிந்தது. அதற்கும் முன்பே சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததனால் 1925-இல் காங்கிரசுக்குள் எழுந்த பூசலை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். பலகையிலிருந்த சாதிப் பெயரை எடுக்க வேண்டும் என்று சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் விடுதியின் முன் 1957-இல் தொடங்கிய மறியல் பல மாதம் நடந்து, அடுத்த ஆண்டில்தான் முடிந்தது.

புலால் உணவு விடுதிகளின் கதை வேறு. அவற்றை மிலிட்டரி ஓட்டல் என்று மக்கள் அழைத்தனர். மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்துக்கு அருகில் உள்ள வடக்கம்பட்டியைச் சேர்ந்த சுப்பா நாயுடு என்பவர் 1937-இல் காரைக்குடியில் ஒரு கடை திறந்து, தம் ஊர்த் தெய்வமாகிய முனியாண்டியின் பெயரை அதற்கு வைத்தார். அதனைப் பின்பற்றி அவ்வூரார் பலர் ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் திறந்தனர். இன்றும் ஆண்டுதோறும் அக்கடைக்காரர்கள் வடக்கம்பட்டியில் கூடி, ஆட்டுக்கறிப் பிரியாணி சமைத்துச் சாமிக்குப் படைத்து, வந்தவர்க்கெல்லாம் வழங்குகின்றனர். ஆண்டெல்லாம் விற்ற சோற்றை ஒருநாள் விலையின்றிக் கொடுப்பது அன்னவிக்கிரயத்துக்குக் கழுவாயோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இஃது என் ஊகமே.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1955-ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர் எங்கள் ஊர். புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் அன்று. 1948 மார்ச்சு 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1974-இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. அவ்வாண்டு எங்கள் வயலில் நிலக்கடலை நன்றாக விளைந்திருந்தது. மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டை மண்டிக்குக் கொண்டு செல்லும்போது அப்பா என்னையும் அழைத்துச் சென்றார்.

வண்டி ஓட்டியவர் எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவர், ஆதி திராவிடர், என் தந்தையைவிடப் பத்து வயதேனும் மூத்தவர். ஆயினும் வீட்டில் எல்லோரும், சிறுவனாகிய நான் உட்பட, அவரைப் பெயர் சொல்லியே அழைத்தோம். அவரை முறை சொல்லி அழைக்க எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. அவர் என்னைச் சின்னய்யா என்பார். முன்னிரவில் வண்டி புறப்பட்டது. மூட்டைகளுக்கு நடுவே வைக்கோலைப் பரப்பி நான் படுக்க இடம் செய்து கொடுத்தார். பனி இறங்கியபோது வெறுஞ்சாக்கு ஒன்றை எடுத்துப் போர்த்தினார். வானத்தில் கார்த்திகை எது, கூட்டுமீன் எது, விடிவெள்ளி எந்தப் பக்கம் எழும் என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வானநூலைப் பற்றி நான் முதலில் கற்றது அவரிடமே.

காலையில் மண்டியில் கடலையை நிறுத்து விற்றாயிற்று. அப்பா பணத்தை மடியில் முடிந்துகொண்டு, அரசர் வீதிகளுள் ஒன்றில் இருந்த ஓர் ஓட்டலுக்கு என்னை அழைத்துச் சென்றார். நான் கடையில் அமர்ந்து உண்டது அதுவே முதல்முறை. பளிங்குப் பலகை பதித்த மேசைகள்; சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி; கல்லாவில் சந்தனப் பொட்டும் கடுக்கனுமாக முதலாளி. உள்ளே தோசைக்கல்லில் மாவு விழும்போது எழும் ஓசை. சப்ளையர் ஒரு மூச்சில் பத்துப் பண்டங்களின் பெயரைச் சொன்னார். அப்பா எனக்கு நெய் ரோஸ்ட் சொன்னார். வாழையிலையின் இரு பக்கமும் நீண்டு வெளியே வந்துகொண்டிருந்த அந்தத் தோசையின் நிறத்தை இன்றும் என்னால் சொல்ல முடியும். ஓரம் மொறுமொறுப்பாக இருந்தது. நடுவில் நெய் குளம்போல் நின்றது. பித்தளை வாளியிலிருந்து சாம்பாரைக் கேளாமலேயே ஊற்றினார்கள். பின்னர் டபராவில் காப்பி வந்தது. அப்பா அதனை ஆற்றிக் கொடுத்தார். அதன்பின் எத்தனையோ ஊர்களில், அதனினும் விலை உயர்ந்த எத்தனையோ உணவுகளை உண்டிருக்கிறேன். நாவின் கணக்கில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

கை கழுவும் தொட்டி கொல்லைப்புறத்தில் இருந்தது. அங்கே போனேன். பின்வாயிலுக்கு வெளியே, சந்தில், எங்கள் வண்டிக்காரர் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் இலைக் கிழிசலில் இட்லி. உள்ளிருந்து ஒரு பையன் வந்து, கை உயரத்தில் நின்றுகொண்டு, ஒரு தகரக் குவளையில் காப்பியை ஊற்றினான். குவளையில் விழுந்தது பாதி, சிந்தியது பாதி. அவர் குடித்துவிட்டு, தாமே அந்தக் குவளையைக் கழுவி, சுவரில் அடித்திருந்த ஆணியில் மாட்டினார். அவ்வாறு நான்கைந்து குவளைகள் ஆணிகளில் தொங்கின. என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

“நல்லா சாப்பிட்டீங்களா, சின்னய்யா?” என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். திரும்பி வந்து அப்பாவிடம், “அவரு ஏம்ப்பா உள்ளே வரலே?” என்று கேட்டேன். “பேசாம வா” என்றார் அப்பா. அவர் கொடியவர் அல்லர். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை. எனக்கும் அது பெரிய விஷயமாக அன்று படவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திரும்பும் வழியெல்லாம் தோசையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவரும் கேட்டுக்கொண்டு வந்தார்.

சட்டம் என்ன சொல்லிற்று என்பதைக் கல்லூரிக்கு வந்தபின் அறிந்தேன். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் நுழையச் சாதியைக் காரணம் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடைக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோரைத் தண்டிக்கும் சட்டம் 1955 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அஃதாவது, நாங்கள் கடலை விற்கச் சென்றபோது அச்சட்டத்துக்கு வயது சில திங்கள். ஆணிகளில் குவளைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை மாட்டியவர் சட்டத்தை அறியார்; ஊற்றிய பையன் அறியான்; அறிந்திருக்க வேண்டிய முதலாளியோ கல்லாவில் இருந்தார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய இழிவு அன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்னும் ஊரில், 1960 பிப்ரவரி முதல் நாள், கறுப்பின மாணவர் நால்வர் ஒரு பெரிய கடையின் சிற்றுண்டிப் பகுதிக்குச் சென்று அமர்ந்து காப்பி கேட்டனர். நால்வரும் கல்லூரி முதலாண்டு மாணவர். அக்கடையில் அவர்கள் வேறு பொருள் வாங்கலாம். அமர்ந்து உண்ணல் ஆகாது. காப்பி மறுக்கப்பட்டது. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தனர், வேறு மாணவர் உடன் வந்தனர், பிற ஊர்களிலும் இவ்வாறு அமரத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூலையில் அக்கடை வழிக்கு வந்தது. உணவகங்களில் நிறவேற்றுமையைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் அங்கே 1964-இல்தான் இயற்றப்பட்டது. சட்டம் இயற்றுவதில் நாம் அவர்களுக்கு முன்னே நின்றோம். ஆனால் எங்கள் ஊர் ஓட்டலில் உள்ளே சென்று அமர்ந்து காப்பி கேட்ட நால்வர் அன்று இல்லை. உள்ளே அமர்ந்திருந்த நானும் கேட்கவில்லை.

ஏமாற்றம் தந்த உணவு ஒன்றையும் சொல்கிறேன். 1965-ஆம் ஆண்டு; நான் கல்லூரி மாணவன். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டினார். திங்கட்கிழமை இரவில் உணவு விடுதிகள் பல மூடப்பட்டன. இதனை மறந்து ஒரு திங்கட்கிழமை மாலை திருச்சிராப்பள்ளியில் இரயிலை விட்டு இறங்கினேன். காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை. நிலையத்துக்கு எதிரே ஒரு கதவு சாத்தியிருந்தது; அடுத்த தெருவிலும் சாத்தியிருந்தது. மூன்றாவது கடையின் வாயிலில் பட்டுச்சட்டைக்காரர் ஒருவரும் மூட்டை தூக்குபவர் ஒருவரும் என்னைப் போலவே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றனர். முடிவில் தள்ளுவண்டியில் கடலை வாங்கி மூவரும் அங்கேயே நின்று தின்றோம். மூட்டை தூக்குபவர் தம் கையிலிருந்ததை என் கையில் கொஞ்சம் கொட்டினார். வயிறு நிறையவில்லை. அன்றிரவு எனக்கு நல்ல கோபம். ஆயினும் இப்போது நினைத்தால், எல்லோருக்கும் ஒன்றுபோல் சாத்தியிருந்த அந்தக் கதவின்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இடையில் பள்ளிக்கூடங்களில் நடந்த மாறுதலையும் குறிப்பிட வேண்டும். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும் பசிக்குச் சோறிட்டன என்று எல்லோரும் எழுதுகின்றனர். அவை பிள்ளைகளை ஒரே வரிசையில் தரையில் அமர்த்தின என்பதை அதற்கு ஈடாக எழுத வேண்டும். சத்திரங்கள் செய்யாத வேலை அது. சில ஊர்களில் சமைப்பவரின் சாதியைக் காட்டிப் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த பெற்றோரும் இருந்தனர். அச்செய்திகள் இன்றும் நாளிதழ்களில் வருவதுண்டு.

அந்த வண்டிக்காரரின் பேரன் அரசுப் பள்ளி ஆசிரியர். 2011-இல் ஒருநாள் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “சார், சாப்பிட்டுத்தான் போகணும்” என்று பக்கத்திலிருந்த கடைக்கு அழைத்துச் சென்றார். பரோட்டாவும் முட்டை மாஸும் சொன்னார். வேகவைத்த முட்டையை நறுக்கித் தேங்காய் அரைத்த மசாலாவில் பிரட்டிச் செய்யும் அப்பண்டம் எங்கள் புதுக்கோட்டைக் கடைகளுக்கே உரியது. வெளியூர் மாணவர் வந்தால் உண்டு பார்க்க வேண்டும். பேச்சினிடையே அந்தப் பழைய ஓட்டலின் பெயரை அவரே எடுத்தார்.

“தாத்தா அந்தக் கடை நெய் ரோஸ்டப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு, சார். தெரு முனையிலேயே வாசம் வருமாம். சாப்பிட்டதே இல்லேன்னும் சொல்வாரு” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆவுடையார்கோயில் படைகல்லின்மேல் எழும் ஆவி அப்போது என் நினைவுக்கு வந்தது. சோற்றை அடியவர்க்கு விட்டு ஆவியை மட்டும் ஏற்பது இறைவனுக்குத் திருவிளையாட்டு. எங்கள் வண்டிக்காரருக்கு வாய்த்ததும் ஆவி மட்டுமே. அவர் அதனைக் கேட்டுப் பெறவில்லை. ஒன்பது வயதில் என்னோடு கூட்டிச் சென்று அவரை உள்ளே அமர்த்தும் ஆற்றல் எனக்கு இல்லை. இருபது வயதில் இருந்தது. முப்பது வயதில் கையில் சம்பளமும் இருந்தது; அவர் அப்போது உயிரோடு இருந்தார். பல சாதியாரும் அந்த ஓட்டலுக்குள் செல்லத் தொடங்கியிருந்தனர். ஒருநாள் அழைத்துப் போய் ஒரு தோசை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அந்த எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. பேரன் என்னைப் பணம் கொடுக்க விடவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று நீங்கள் எண்ணலாம். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், ஆதி திராவிட மக்கள் குடிக்கும் நீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமை வெளிப்பட்டது. அதனை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அருகில் உள்ள இறையூரில் ஒரு தேநீர்க் கடையில் ஆதி திராவிடருக்குத் தனிக் குவளை வைத்திருப்பதைக் கண்டனர். கடைக்காரர்மேல் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. நான் குந்தியிருந்தவரைக் கண்ட அந்தக் காலைக்கும் இதற்கும் இடையில் 67 ஆண்டுகள்.

செய்தியைப் படித்த அன்று மாலை, நான் நாள்தோறும் செல்லும் தேநீர்க் கடைக்குச் சென்றேன். கண்ணாடிக் குவளைகள் எல்லாம் ஒரே தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகளாகப் பழகிய கடைதான். ஆயினும் அன்று பின்பக்கம் சென்று சுவரைப் பார்த்தேன். ஓர் ஆணி இருந்தது. அதில் கிழிக்காமல் விட்ட பழைய நாட்காட்டி ஒன்று தொங்கிற்று. “என்ன சார் தேடுறீங்க?” என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லி, தேநீரை வாங்கிக் குடித்தேன்.